மங்கி குல்லா போட்ட பெரியப்பா

வேதாச்சலம் அண்ணாச்சி பயப்படுவதற்கு நேரம் காலம் கிடையாது. போஸ்ட்மேன் சைக்கிள் மணி அடித்தால் பயம். அடிக்காமல் தாண்டிப் போனால், நமக்கு வரவேண்டிய ஏதோ ஒன்று வழியில் நின்றுவிட்டது என்று அதற்கு ஒரு பயம். அவர் ஒரு நாளில் பயப்படுகிற பயத்தைப் பொட்டலம் கட்டினால் கல்கத்தா லேக் கார்டன்ஸ் முழுக்க ஆளுக்குக் கால் கிலோ கொடுத்துவிட்டு, மிச்சத்தை லாரியில் ஏற்றிப் பாலிகஞ்சுக்கு அனுப்பலாம்.

ஆனால் சும்மா பயப்படுகிற ஆள் இல்லை. காரணம் உண்டு.

தென்காசிக்கு வடக்கே மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். மூன்று வருஷம் சேர்ந்தாற்போல மழை ஏமாற்றிவிட்டது. காடு வெடித்த வெடிப்பில் ஆட்டுக்குட்டி விழுந்தால் ஏணி வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்பார். பத்தொன்பது வயதில் ரயிலேறி ஹௌராவுக்கு வந்து ஒரு சணல் மில்லில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் தறிச் சத்தத்தில் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனால் கேட் பூட்டியிருக்கிறது. கேட்டில், மில் மூடியாகிவிட்டது என்று ஒரு பேப்பர். ஒட்டிய பசைகூடக் காயவில்லை. சனிக்கிழமை விட்டுவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா இன்னும் அந்த மில்லுக்குள்தான் இருக்கிறது என்று இருபத்தைந்து வருஷம் கழித்தும் சொல்வார். அன்றிலிருந்து சுவரில் ஒட்டிய பேப்பர் எதைக் கண்டாலும், அது சினிமா போஸ்டராக இருந்தாலும் சரி, தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஊரில் உள்ள கேன்டீன்களில் எல்லாம் பாத்திரம் கழுவி, கடைசியில் லேக் கார்டன்ஸில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை பிடித்தார். அதுதான் இன்று வரை கடை. முன்னால் அலமாரியில் அப்பளம், சாம்பார்ப் பொடி, காப்பித்தூள். அதை ஒட்டி நாலு ஸ்டூல், இட்லி வடை சாப்பிட. மொட்டை மாடியில் பதினோரு டின்னில் கறிவேப்பிலைச் செடி. வாங்க வருகிறவர்களுக்கு அதிலிருந்தே ஒடித்துக் கொடுப்பார். பின்னறையில் திரைச்சீலைக்குப் பின்னால் மாவு அரைக்கிற கிரைண்டர். நான் தினமும் காலையில் தேங்காய் போடுகிறவன் என்பதால், அந்தக் கிரைண்டர் இருக்கும் இடம் தெரிந்த சில பேரில் ஒருவன். அதாவது அண்ணாச்சி அப்படி நினைத்துக்கொண்டிருந்தார். அது ஓடுகிற சத்தம் லேக்கில் இருக்கிற மீனுக்கே கேட்கும்.

கிரைண்டரை ஏன் ஒளிக்கவேண்டும் என்றால், வாடகைப் பத்திரம். வீட்டுக்காரம்மா நந்திதா லாஹிரி மாடியில் தனியாக இருக்கிறார். எல்லோருக்கும் மாசிமா, வங்காளத்தில் சித்தி. அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது எழுதிய பத்திரத்தில் ஒரு வரி உண்டு: கடை நடத்தலாம், பொருள் தயாரிக்கும் கார்கானா நடத்தக்கூடாது, நடத்தினால் முப்பது நாளில் காலி. அந்தப் பத்திரத்தை அண்ணாச்சி பிளாஸ்டிக் பையில் சுற்றி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். முருகனுக்குக் காவல் பத்திரமா, பத்திரத்துக்குக் காவல் முருகனா என்று நான் கேட்பதுண்டு.

பதினேழு வருஷம் அந்த வரி தூங்கியது. போன டிசம்பரில் இரண்டு வீடு தள்ளி எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருந்தவரை அதே மாதிரி ஒரு வரியைக் காட்டித்தான் காலி பண்ணினார்கள். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட ப்ரொமோட்டர் வந்துவிட்டார். மாசிமாவின் மகனும் பெங்களூரிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை போனில், "அம்மா, வீட்டைக் குடுத்துடலாமே" என்கிறாராம். இதைக் கேட்டதிலிருந்து அண்ணாச்சிக்கு இட்லித் தட்டைத் திறக்கும்போது வருகிற ஆவியைப் பார்த்தால்கூட வீடு இடிகிற தூசி மாதிரி தெரிந்தது.

இந்த நிலைமையில்தான் ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்து நின்றான். அரசாங்கக் கணக்கெடுப்பு என்று வங்காளத்தில் ஆரம்பித்தவன், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு வந்தான்.

"நீங்க தமிழா காக்கு? நானும் தமிழ்தான். அஷ்வத். பாலிகஞ்ச்ல இருக்கோம். வீட்டுல மட்டும்தான் பேசுவேன், தப்பு வந்தா சிரிக்காதீங்க."

"சிரிக்க மாட்டோம் தம்பி," என்றேன். காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. அண்ணாச்சி சிரிக்கிற நிலைமையிலேயே இல்லை. கையிலிருந்த சட்னிக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, ஈஸி. இந்தக் கடை எந்த செக்டர்னு போடணும். மேனுஃபாக்சரிங், ட்ரேட், சர்வீஸ். இதுல எது?"

மேனுஃபாக்சரிங் என்பது அண்ணாச்சி காதில் கார்கானா என்றுதான் விழுந்தது.

"வியாபாரம் தம்பி. வாங்குதோம், விக்கோம். இங்க ஒண்ணும் செய்யதில்ல."

"இட்லி செய்றீங்களே."

அண்ணாச்சி தட்டில் இருந்த இட்லியை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார். "அது வேகுது. வெந்ததும் குடுக்கோம்."

"மாவு எங்க அரைக்கிறீங்க?"

"சாந்த்ராகாச்சியில. மச்சினன் வீட்ல. டெய்லி ட்ரெயின்ல வருது."

திரைச்சீலைக்குப் பின்னால் கிரைண்டரில் காலையில் அரைத்த சூடுகூட இன்னும் ஆறவில்லை. அண்ணாச்சியின் மனைவி ராஜம்மா அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே திரையை இன்னொரு சாண் இழுத்துவிட்டார். இழுத்த இழுப்பில் மறு பக்கம் திறந்துகொண்டது. கிரைண்டர் மறைந்தது. கட்டில் தெரிந்தது. கட்டிலில் இருந்ததும் தெரிந்தது.

கல்கத்தாக் குளிரில் மாவு பொங்காது. சென்னையில் காலையில் வைத்தால் மாலையில் பாத்திரத்தை விட்டு எழுந்து நடக்கிற மாவு, இங்கே ஜனவரியில் இரண்டு நாள் கும்பகர்ணன் மாதிரி கிடக்கும். அதனால் அக்கா மாவை நாற்பது லிட்டர் பால் கேனில் ஊற்றி, கட்டிலில் சுவரோரம் நிறுத்தி, சுற்றிப் பஞ்சு ரஜாய் போர்த்தி, கேனின் கழுத்தில் மப்ளர் சுற்றி, மூடிக்கு மேலே காது வரை மூடுகிற மங்கி குல்லாவையும் மாட்டிவிடுவார். குளிர் வந்தால் இந்த ஊரில் எல்லாக் கிழவரும் தலையில் மாட்டுகிற அதே குல்லா. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரியவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். நானே முதல் வருஷம் இரண்டு தடவை வணக்கம் வைத்திருக்கிறேன்.

"அது யாரு?" என்றான் அஷ்வத்.

மாவு என்று சொன்னால் போதும். சாந்த்ராகாச்சியிலிருந்து வந்த மாவு என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் பயந்தவனுக்கு நேர் வழி கண்ணில் படாது.

"பெரியப்பா," என்றார் அண்ணாச்சி.

என் கையிலிருந்த தேங்காய் காலில் விழுந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"குளிரு ஒத்துக்கல. எழுப்ப வேண்டாம்."

"வயசு?"

"எம்பது," என்றார் அண்ணாச்சி. அதே நேரத்தில் அடுப்படியிலிருந்து அக்கா, "எழுவத்தஞ்சு," என்றார்.

"எழுபத்தேழுன்னு போடுறேன்," என்றான் அஷ்வத், இருவருக்கும் வருத்தம் வராமல். "கடையில ஏதாவது ஹெல்ப் பண்ணுவாரா? சம்பளம் இல்லாம வேலை பாக்கிற குடும்பத்து ஆளுங்களையும் எழுதணும்."

"இல்ல. சும்மா உக்காந்திருப்பாரு."

அப்போது ரஜாய்க்குள்ளிருந்து 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். மாவு லேசாகப் பொங்க ஆரம்பித்துவிட்டது.

"ஏதோ சொல்றாரு காக்கு."

"புளிச்ச ஏப்பம்," என்றார் அக்கா. அன்றைக்குக் கடையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

அஷ்வத் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டான். போகும்போது, "வியாழக்கிழமை பத்து மணிக்கு சூப்பர்வைசர் மேடம் வருவாங்க. சும்மா ரீ-செக். சாந்த்ராகாச்சி அட்ரஸும் எடுத்து வைங்க, அங்கயும் போய்ப் பாப்போம். டென்ஷன் ஆகாதீங்க," என்றான்.

டென்ஷன் ஆகாதீங்க என்பதைக் கேட்டுத்தான் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மதியம் ஆனது.

சங்கவி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அண்ணாச்சியின் ஒரே மகள். பத்தாவது படிக்கிறாள், வங்காளத்தைத் தமிழைவிட வேகமாகப் பேசுவாள். செக்டர் என்றால் என்ன என்று அப்பா கேட்டதும் புத்தகப்பையை இறக்காமலே சொன்னாள்.

"இதுக்கா அப்பா மூஞ்சி இப்படி இருக்கு? மண்ணுல இருந்து, தண்ணில இருந்து, மாட்டுகிட்ட இருந்து நேரா எடுத்தா முதல் துறை. விவசாயம், மீன் பிடிக்கிறது எல்லாம். எடுத்ததை மாத்தி வேற ஒண்ணாக்கினா ரெண்டாவது. சணலைச் சாக்கு ஆக்குறாங்கல்ல, அது. விக்கிறது, கொண்டு போறது, சோறு போடுறது, பாடம் சொல்றது, பேங்க்ல உக்காந்திருக்கிறது எல்லாம் மூணாவது."

அண்ணாச்சி விரலை நீட்டி எண்ணினார். "மாடியில கறிவேப்பிலை. அது முதலு."

"ஆமா."

"அரிசியும் உளுந்தும் மாவாவுது. அது ரெண்டு."

"ஆமா."

"இட்லி குடுக்கேன், அப்பளம் விக்கேன். அது மூணு."

"சூப்பர்பா. எங்க கிளாஸ்ல ராகுலுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வராது."

"அப்போ மூணும் நான்தானா? மூணு ஆபீஸ்ல இருந்தும் ஆள் வருவாவளா?"

"ஆபீஸ் இல்லப்பா. வெறும் கட்டம். நாட்டுல எவ்வளவு பேரு எதுல இருக்காங்கன்னு எண்ணுறதுக்கு ஒரு கட்டம்."

"மில்லுலயும் வெறும் பேப்பருன்னுதான்ம்மா நெனச்சோம்."

சங்கவி பையை இறக்கினாள். அண்ணாச்சி விரல்களை மடக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் துறையில இருந்தோம். மழை வெரட்டிச்சு. ரெண்டாவதுல இருந்தேன். பூட்டு போட்டு வெரட்டுனான். இப்போ மூணாவதுல இருக்கேன். நாலாவது ஒண்ணு இருக்கா சங்கவி?"

"பாடத்துல இல்லப்பா."

"அப்போ இங்கேருந்து வெரட்டுனா எங்க போக?"

பெரியப்பாதான் ஒரு தடவை ஏப்பம் விட்டார்.

அண்ணாச்சி கண்டுபிடித்த வழி இதுதான். பொய் சொல்லியாகிவிட்டது. பொய்யை மாற்ற முடியாது. உலகத்தை மாற்றிவிடலாம். சாந்த்ராகாச்சியில் கிரைண்டர் இல்லை என்பதுதானே பிரச்சினை? கிரைண்டரைச் சாந்த்ராகாச்சிக்குக் கொண்டுபோய்விட்டால் பொய் உண்மையாகிவிடும்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெரிந்த ஒருவரின் கூட்ஸ் ஆட்டோவை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். நாலு பேர் தூக்குகிற கல்லை நானும் அண்ணாச்சியும் தூக்கினோம். மீதி இரண்டு பேர் பலம் அவருடைய பயத்திலிருந்து வந்தது. கிரைண்டர் இல்லாமல் இரண்டு நாள் ஓட்டவேண்டுமே என்று அக்கா முதல் நாளே இரண்டு மடங்கு அரைத்து, கேனைக் கழுத்து வரை நிரப்பிப் பெரியப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார். மேடம் வந்து நோயாளியைக் கேட்டால் என்ன செய்வது என்றதற்கு, தூங்குறாருன்னு சொல்லு என்று அண்ணாச்சியின் உத்தரவு.

இரண்டாவது ஹூக்ளி பாலத்தில் ஏறும்போது ஒரு டிராஃபிக் சார்ஜென்ட் நின்றார். அண்ணாச்சி தன் சால்வையைக் கழற்றிக் கிரைண்டருக்குப் போர்த்தினார்.

"அண்ணாச்சி, கல்லுக்குக் குளிராது."

"வாய மூடுடே கோபு. அவரு நம்மளையே பாக்காரு."

"நாம ஆட்டோ. ரோட்டுல போறோம். அவரு டிராஃபிக். வேற எதைப் பாப்பாரு?"

"எந்தத் துறைன்னு கேட்டா நீ வாயத் தொறக்காத."

சார்ஜென்ட் கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். அண்ணாச்சிக்குப் பாலம் முடிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

மச்சினன் பரமசிவத்துக்குச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. ராஜம்மா அக்காவின் தம்பி. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர், ஆட்டோவையும் உள்ளே இருந்ததையும் பார்த்து நுரையை விழுங்கிவிட்டார்.

"அத்தான், என்னது இது?"

"ரெண்டு நாளைக்கு வச்சுக்கோ. யாராவது கேட்டா பதினேழு வருஷமா உன்னுதுன்னு சொல்லு."

"நான் இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தே ஆறு வருஷம்தான் ஆவுது அத்தான். இங்க செவுத்துல ஆணி அடிக்கணும்னாலே எழுதிக் குடுக்கணும். தொழில் நடத்துறேன்னு எவனாவது மனு போட்டா என்னைத் தூக்கிருவாங்க."

"நீ சர்க்கார் ஆளு. உனக்கு என்னலே பயம்?"

"சர்க்கார் ஆளுங்கறதாலதான் பயம். உங்களுக்குப் போனா ரெண்டு ரூமுதான் போவும். எனக்கு வீடு, வேலை, பென்ஷன், பொண்டாட்டியோட ரயில் பாஸு எல்லாம் ஒரே கையெழுத்துல போவும். தயவுசெஞ்சு டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க."

வண்டியின் எஞ்சினை அணைக்கக்கூட விடவில்லை. டீயை ஆட்டோவுக்குள்ளேயே நீட்டினார்.

திரும்பினோம். பொதுத்துறையும் சேர்க்கவில்லை, தனியார் துறையிலும் இடமில்லை. நூற்றிருபது கிலோக் கல் ஒன்றுக்கு இத்தனை பெரிய ஊரில் கால் வைக்க இடம் இல்லாமல் போய்விட்டது. நடுவழியில் எங்கேயாவது இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று அண்ணாச்சி கேட்டார். நான் சரி என்று சொல்லியிருந்தால், அடுத்த நிமிஷமே, அனாதையாகக் கிடக்கும் கல்லைப் போலீஸ் வந்து விசாரித்தால் என்ன செய்வது என்று பயந்திருப்பார்.

பாலத்தில் நெரிசல். லேக் கார்டன்ஸ் தெருவுக்குள் திரும்பும்போது மணி பத்தேகால். கடை வாசலில் அஷ்வத் நின்றான். பக்கத்தில் மூக்குக் கண்ணாடியும் கம்பளிச் சால்வையுமாகச் சூப்பர்வைசர் மேடம். பால்கனியில் மாசிமா. மூன்று பேர் கண் முன்னாலும் ஆட்டோ வந்து நின்றது, சால்வை போர்த்திய கிரைண்டரோடு. அண்ணாச்சியைக் கை பிடித்துத்தான் இறக்கினேன்.

மேடம் ஆட்டோவுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு டேப்லெட்டைப் பார்த்தார். "எழுபத்தேழு வயது நோயாளி ஒருத்தர் இருக்கணுமே," என்றார் வங்காளத்தில்.

"தூங்குறாரு," என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் மேடம் பின்னறைக்குப் போய்விட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

இரண்டு மடங்கு அரைத்த மாவுக்கு அன்றைக்கென்று வீரம் வந்திருந்தது. மூடியைத் தூக்கி, குல்லாவைத் தள்ளி, பெரியப்பாவின் முகத்திலிருந்து வெள்ளை வெளேரென்று வழிந்து, மப்ளரை நனைத்து, ரஜாயில் இறங்கி, கட்டில் காலோரம் சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் ஒரு விரலால் குல்லாவைத் தூக்கினார். மூடி தரையில் விழுந்து உருண்டு அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

மேடம் சிரித்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்போம். அவர் சிரிக்கவில்லை. அஷ்வத்தின் பக்கம் திரும்பினார்.

"நேரில் பார்த்துதான் எழுதினாயா? பால் கேனுக்கு வயது போட்டிருக்கிறாய். உட்கார்ந்த இடத்திலேயே படிவம் நிரப்புகிறவர்களை வைத்து நான் கணக்கெடுக்க முடியாது. நாளையிலிருந்து வரவேண்டாம். கான்ட்ராக்ட்தானே, சாயங்காலம் உன் பெயரை எடுத்துவிடுகிறேன்."

காக்குதான் சொன்னார் என்று அவன் கையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "தப்பாயிடுச்சு மேடம்," என்றான். டேப்லெட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பா வைத்திருக்கிறவன் மாதிரி நின்றான்.

அண்ணாச்சி அவனைப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்தார். மாசிமா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கடைசிப் படிக்கு வந்திருந்தார். அண்ணாச்சி பேசப்போவதை அவர் கேட்காமல் இருக்க வழியே இல்லை. சாந்த்ராகாச்சியிலிருந்து வந்த மாவு என்று இப்போதும் சொல்லலாம். மேடம் பக்கம் திரும்பினார். அவருடைய வங்காளம் எப்போதும் தென்காசி வழியாகத்தான் வரும். அன்றைக்கு மில் வழியாகவும் வந்தது.

"அந்தப் பையன் பொய் எழுதல மேடம். நான் சொன்னதைத்தான் எழுதினான். பெரியப்பான்னு நான்தான் சொன்னேன். மாவு சாந்த்ராகாச்சியில இருந்து வரல. இந்தக் கல்லு பதினேழு வருஷமா இங்கதான் இருக்கு. அரைக்கிறது இங்கதான். மாவு ஆகிறது இங்கதான். கார்கானாதான் மேடம். எழுதிக்கோங்க. அவன் பேரை எடுக்காதீங்க."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முப்பது நாள் அந்த நொடியிலேயே ஆரம்பித்துவிட்ட மாதிரி அக்கா முருகன் படத்தைப் பார்த்தார்.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அரைக்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். நான் ஒருத்தன்."

"செடிக்குத் தண்ணீர் விட, பறிக்க?"

செடியையும் பார்த்துவிட்டார்களா என்று அண்ணாச்சி சுவரோடு சுவராக ஒட்டினார். சங்கவிதான் சொன்னாள். "அரை மணி நேரம். நான் விடுறேன், ஸ்கூலுக்கு முன்னாடி."

"மீதி நேரம்?"

"காலையில ஆறரையில இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் கடையிலதான். குடுக்கிறது, விக்கிறது, டேபிள் துடைக்கிறது," என்றார் அக்கா.

மேடம் டேப்லெட்டில் விரலை ஓட்டினார். "ஒரே கடையில மூணு வேலையும் நடக்கும். எல்லா ஊர்லயும் நடக்குது. அதிக உழைப்பு எதுக்குப் போகுதோ அதுலதான் போடுவோம். உங்க வேலை சாப்பாடு பரிமாறுறது. சேவைத்துறை. தன் அடுப்புக்குத் தானே மாவு அரைக்கிற ஹோட்டலை நான் தொழிற்சாலைன்னு எழுதினா, கல்கத்தாவுல ஹோட்டலே இருக்காது." பிறகு அஷ்வத்திடம், "பெரியப்பாவை எடுத்துவிடு. அடுத்த தடவை போர்வையைத் தூக்கிப் பார்," என்றார்.

பெயரை எடுக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் டேப்லெட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அஷ்வத் வாசல் தாண்டும்போது திரும்பி, "காக்கு, எங்க அம்மா உங்க மாவுதான் வாங்குவாங்க. குல்லா போடுவீங்கன்னு தெரியாது," என்றான்.

அவர்கள் போன பிறகும் மாசிமா போகவில்லை. அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"மாசிமா, பத்திரத்துல இருக்கு. எனக்குத் தெரியும். முப்பது நாள்."

"ஓ வேதா, கல்லை எதுக்கு வண்டியில ஏத்தின?"

"மறைக்கத்தான்."

"என்கிட்டயா? அது என் கட்டிலுக்கு நேர் கீழ ஓடுது." மாசிமா ஸ்டூலில் உட்கார்ந்தார். "காலையில சத்தம் வரல. எட்டிப் பாத்தா கல்லு வண்டியில போகுது. நீ காலி பண்றேன்னு நினைச்சேன். எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. கீழ குடித்தனம் இருக்குங்கற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் என் மகனையும் ப்ரொமோட்டரையும் தள்ளிப் போடுறேன். நீ போயிட்டா அடுத்த மாசம் என்னை ஏதோ ஒரு பதினோராவது மாடியில கொண்டுபோய் வைப்பாங்க."

அண்ணாச்சி முதல் தடவையாக நிமிர்ந்தார். தன்னைப் போல இன்னொரு ஆள் அதே வீட்டில் மேலே உட்கார்ந்து இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"அப்போ இனிமே பயமில்லையா மாசிமா?"

"யார் சொன்னா? பத்திரத்தோட காப்பி மகன்கிட்ட இருக்கு. மார்ச்சுல வர்றான், ப்ரொமோட்டரைக் கூட்டிக்கிட்டு. இது கடையா கார்கானாவான்னு அவன் கேப்பான். அந்தம்மா போட்ட மணிக் கணக்கை அப்படியே சொல்லத் தெரியணும் உனக்கு. பயத்தை இன்னைக்கே செலவு பண்ணிடாத. மார்ச்சுக்குக் கொஞ்சம் வை."

கல்லை இறக்க இந்தத் தடவை நாலு பேர் தேவைப்பட்டார்கள். பழைய இடத்தில் வைத்து, திரைச்சீலையை அக்கா கழற்றிவிட்டார். சாயங்காலம் சங்கவி ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் தமிழிலும் வங்காளத்திலும் எழுதினாள்: அரைப்பது இரண்டு மணி, செடி அரை மணி, பரிமாறுவதும் விற்பதும் பதிமூன்றரை மணி. கடையைத் தாண்டிப் போகிறவனுக்கும் தெரியட்டும் என்று கடைக்குள்ளே வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டச் சொன்னாள். பசை இல்லை. அண்ணாச்சி கேனிலிருந்து ஒரு விரல் மாவு எடுத்தார். கேட்டில் பேப்பரைப் பார்த்து ஓடிவந்த மனுஷன், தன் கையால் ஒரு பேப்பரைச் சுவரில் வைத்து, நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தினார்.

மார்ச் இன்னும் வரவில்லை. பெரியப்பா மறுபடி குல்லாவோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அஷ்வத் இரண்டு தடவை வந்து இட்லி சாப்பிட்டுப் போனான், கழுத்தில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. நான் காலையில் தேங்காய் போடப் போகும்போது அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பார். விளக்குப் போடுவதற்கு முன், முருகனைக் கும்பிடுவதற்கு முன், நேராக அந்தப் பேப்பர் முன்னால் போய் நின்று, எழுத்து மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார். விடிவதற்குள் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று பார்க்கிறார்.